எந்தப் புத்தகம் வாங்கணும், மாமா?

வைகாசிக் கடைசியில் தென்காசியிலிருந்து அக்கா மகள் போன் பண்ணினாள். பத்தாவது முடித்திருக்கிறாள். "மாமா, கிளாரினெட் வாங்கியாச்சு. எந்தப் புத்தகம் வாங்கணும்?" என்றாள். நான் சென்னையில் ஓர் ஆசிரியரிடம் மூன்று வருடம் மேற்கத்திய முறையில் கிளாரினெட் கற்றுப் பாதியில் விட்டவன். குடும்பத்தில் அந்தக் குழலைத் தொட்ட ஒரே ஆள் என்பதால் கேள்வி எனக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பினேன். எல்லோரும் சொல்கிற அமெரிக்கப் புத்தகம்தான், 'எசென்ஷியல் எலிமெண்ட்ஸ்', முதல் பாகம்.

இந்தக் கட்டுரை நான் அனுப்பிய அந்தப் பதிலுக்கு எதிராக எழுதப்படுகிறது. அதே பதிலைத் தினமும் யாருக்காவது அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு எதிராகவும். "புத்தகமே வேண்டாம், குருமுகமாக வரணும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே திட்டப்போகிறேன்.

ஆனியில் சீசனுக்கு ஊருக்குப் போனேன். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. அருவிக்குப் போகும் முன் அக்கா வீட்டுக்குப் போனால், பிள்ளை முகத்தில் ஒரு தெளிச்சல் இல்லை. "இடது கை மட்டும்னா நல்லா வருது மாமா. வலது கையச் சேத்தா அபஸ்வரம். எனக்குக் காதே கிடையாது போல" என்றாள். பதினைந்து நாளாகத் தன் காதைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். குழலை வாங்கிப் பார்த்தேன். திருநெல்வேலியில் பழைய வாத்தியம் விற்கிற ஒருவரிடம் ஒன்பதாயிரத்துக்கு வாங்கியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் காதில் ஒரு குறையும் இல்லை. நான் அனுப்பிய புத்தகத்தின் விரல் படம் வேறொரு குழலுக்கு உரியது.

கிளாரினெட் ஒன்றல்ல. இன்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் புழங்குவது பாரிஸில் க்ளோஸே என்கிற ஆசிரியரும் பஃபே என்கிற வாத்தியத் தச்சரும் சேர்ந்து செய்த வகை. 1839இல் காட்சிக்கு வந்தது. 17 கீ, 6 வளையம். போம் முறை என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பே, 1812இல் இவான் முல்லர் என்பவர் 13 கீ வைத்த குழல் ஒன்றை அதே பாரிஸில் கொண்டுவந்தார். அந்த வம்சத்தில் வந்தவற்றை பிரஸ்ஸல்ஸ்காரர் ஆல்பர்ட்டின் பெயரால் அழைக்கிறார்கள். நம் ஊர் பேண்டு செட்டுகளில் கைமாறிக் கைமாறி இன்னும் ஊதப்படுகிற பழைய குழல்களில் பல இந்த இரண்டாவது வம்சம். இடது கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வலது கை சேர்ந்ததும் வழி பிரிகிறது. புத்தகம் இதைச் சொல்லாது, ஏனென்றால் அதன் வாசகனுக்குப் பழைய குழல் கையில் வரும் என்று அது நினைக்கவே இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். 'எந்தக் குழல்?' என்று கேட்காமலே புத்தகம் சொன்னேன்.

இதோடு விட்டால் 'மேல்நாட்டுப் புத்தகம் நமக்கு ஒத்துவராது' என்று ஒரு கூட்டம் கை தட்டும். அவர்களுக்காக நான் எழுதவில்லை. அந்தப் புத்தகங்களில் இருக்கும் முதல் இருபது பக்கத்துக்கு ஈடாக நம்மிடம் எதுவும் கிடையாது. கீழுதட்டைப் பல்லின் மேல் எவ்வளவு மடிப்பது, மேல் பல் மவுத்பீஸில் எங்கே உட்காருவது, ரீடின் நுனி மவுத்பீஸ் நுனியோடு எப்படிப் பொருந்த வேண்டும், கன்னம் உப்பாமல் மூச்சை எப்படி விடுவது, ஒரே ஸ்வரத்தை எட்டு எண்ணும் வரை நடுங்காமல் எப்படிப் பிடிப்பது — இதையெல்லாம் முன்பின் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, வரிசை தப்பாமல் சொல்கிறார்கள். நூறு வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்துப் பழுத்த அறிவு அது. 'ஜிங்கிள் பெல்ஸ்' வருகிறதே என்று முகம் சுளிப்பதும் வேண்டாம். என் மருமகளுக்கு அது பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு வாண்டுகளுக்கும்.

என் புகார் வேறு. இந்தப் புத்தகம் தென்காசியில் இல்லாத ஒரு இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறது. முதல் பாடத்தில் ஏன் அந்த மூன்று ஸ்வரம்? கிளாரினெட்டுக்கு அது சுலபம் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், அதே வகுப்பில் ட்ரம்பெட், ட்ராம்போன், புல்லாங்குழல் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அத்தனை பேரும் முதல் நாளே ஒன்றாக ஊத வேண்டும். அமெரிக்கப் பள்ளி பேண்டுக்காகச் செய்த ஏற்பாடு. பாட்டு முழுக்கப் பத்துப் பேர் கையில் பிரிந்திருக்க, தனியாக வாசிக்கிற பிள்ளை கையில் தன் வரி மட்டும் இருக்கும். ஒன்றரை வருடம் உழைத்து இரண்டாம் பாகம் முடித்தால் அங்கே பள்ளி பேண்டில் ஒரு நாற்காலி காத்திருக்கும். இங்கே? தென்காசிக் கோபுர வாசலில் எந்நேரமும் அடிக்கிற காற்றுதான் காத்திருக்கும். தனி மாவட்டமாகி ஆறேழு வருடம் ஆன ஊரில் பிள்ளை ஊதப் போக வேண்டிய இடம் எது என்று யாராவது யோசித்தோமா?

இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். அவர்கள் பதில் எப்போதும் ஒன்று: "கானாம்ருத போதினியை வாங்கு, சரளி வரிசையைக் கிளாரினெட்டில் வாசி." ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரின் அந்தப் புத்தகம் நல்ல புத்தகம், சந்தேகமில்லை. பாட்டுக்கு நல்ல புத்தகம். அதைக் கிளாரினெட்டில் 'அப்படியே' வாசி என்று சொல்கிறவர் கிளாரினெட்டைக் கையில் எடுத்ததே இல்லை என்று நான் எழுதியே தருவேன்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது முக்கியம். புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் ஒரு விரல் பிடியை வைத்துக்கொண்டு அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும். ச பிடியில் மேல் ச. கிளாரினெட் அப்படிக் கிடையாது. ஒரு முனை அடைத்த, நேர்க் குழாய் அது. ச பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கும் கீயைக் கட்டைவிரலால் அழுத்தினால் வருவது மேல் ஸ்தாயி பஞ்சமம். ஆகவே குழலின் கீழ்ப் பாதிக்கும் மேல் பாதிக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டைத் தாண்டும்போது, ஒரு துளைகூட மூடாத நிலையிலிருந்து எல்லாத் துளையும் மூடிய நிலைக்கு ஒரே மூச்சில் கை மாற வேண்டும். ஒரு விரல் கொஞ்சம் விலகினாலும் கீச்சென்று கத்தும். மேல்நாட்டுப் புத்தகங்கள் இந்தத் தாண்டலைப் பல வாரம் தள்ளிப்போடுகின்றன. காரணம் இருக்கிறது.

இப்போது நம்மாள் என்ன செய்கிறார்? மேல்நாட்டு முறையில் முதலில் சொல்லித்தரும் 'சி'யை ச என்று வைத்துக்கொள்கிறார். இடது கை மூன்று விரல், கட்டைவிரல். அங்கிருந்து மாயாமாளவகௌளையில் ச ரி க ம ப த வந்துவிடும். த வாசிக்கும்போது துளைகள் எல்லாம் திறந்து கிடக்கும். அடுத்து நி. மேடு. சரளி வரிசையின் முதல் வரியிலேயே, முதல் நாளே, கிளாரினெட்டில் இருப்பதிலேயே கஷ்டமான இடத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் முட்டவைக்கிறோம். பிறகு 'சாதகம் போதாது' என்கிறோம்.

இதற்கு வழி மிகச் சுலபம். ஒரு சாதாரண மனிதர் எனக்குச் சொன்னார். அவரைப் பற்றிப் பிறகு. சட்ஜத்தைக் கீழே இறக்கு, அவ்வளவுதான். கட்டைவிரலும் இரண்டு கையிலும் மும்மூன்று விரலும் மூடினால் வருகிற ஸ்வரத்தை ச என்று வை. இடது கை மூன்று விரல் மட்டும் என்றால் ம. இரண்டு விரல் என்றால் ப. கை முழுக்கத் திறந்தால் மேல் ச. ஒரு ஸ்தாயி முழுக்க மேட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது. சரளி, ஜண்டை எல்லாம் மேல் சட்ஜத்தோடு நிற்கிற வரை கவலையில்லை. மேல் ஸ்தாயி வரிசைக்கு வரும்போது பிள்ளைக்கு உதடு பழகியிருக்கும், அப்போது மேட்டைத் தாண்டிக்கொள்ளலாம். பி-ஃப்ளாட் கிளாரினெட்டில் இந்தச் சட்ஜம் 4 கட்டை. மேல்நாட்டுப் புத்தகம் அதை 'ஜி' என்று எழுதும், ஆர்மோனியம் 'எஃப்' என்று சொல்லும். சுருதிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிள்ளை முழிக்கும். இந்த ஒரு வரியை, 'ஆறு விரல் சட்ஜம், சுருதி 4 கட்டை' என்கிற ஒரே வரியை, அச்சில் போட்ட ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திருநெல்வேலியிலும் மதுரையிலும் சென்னையிலும் கடை கடையாகத் தேடினேன். வயலினுக்கு இருக்கிறது, வீணைக்கு இருக்கிறது, கீபோர்டுக்கு மூன்று இருக்கிறது. கிளாரினெட்டுக்குக் கடைக்காரர் நாதஸ்வரப் படத்தைக் காட்டினார்.

கிளாரினெட் நேற்று வந்ததா என்ன? சரபோஜி காலத்துத் தஞ்சாவூர் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு இருந்தது. சதிர்க் கச்சேரிக்குள் முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட்டை நுழைத்தவர் என்று மகாதேவ நட்டுவனாரைச் சொல்வார்கள், 1860 அளவில். பாலசரஸ்வதி ஆடும்போது பின்னால் கிளாரினெட் ஒலித்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் ஊதப்பட்ட வாத்தியம்.

வயலினை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெள்ளைக்காரனோடு வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். எட்டயபுரம் எங்கே இருக்கிறது? நம் கோவில்பட்டிக்குப் பக்கத்தில். அந்தக் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர்தான் 1904இல் எட்டயபுரத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டார். அந்த வேலை நடக்கவேண்டும் என்று விடாமல் நின்றவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார், கிறிஸ்தவத் தமிழர். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் எழுதி 1890களில் பதிப்பித்தவர். 'குருமுகமா வரணும், காகிதத்தில் வராது' என்று அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள். அச்சில் வந்ததால்தான் இன்றைக்கு அந்தப் பாட்டுகளில் பலவற்றைப் பாட முடிகிறது.

அடுத்த வருடம், 1905இல், அதே சுப்பராம தீட்சிதர் இன்னொரு புத்தகம் போட்டார். பிரதமாப்யாச புஸ்தகமு. தெலுங்கில். பெயரே 'முதல் பயிற்சிப் புத்தகம்'. நாம் தேடிக்கொண்டிருக்கும் வகைப் புத்தகம்தான். அதில் சரளி, ஜண்டையோடு நொட்டுஸ்வர சாகித்தியங்களும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டவை அவை. எல்லாமே சங்கராபரண ஸ்வரம், கமகம் கிடையாது. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு. அந்த மெட்டு கீழ் நிஷாதத்தில் தொடங்கித் தைவதத்தைத் தாண்டாது. ஆறு விரல் சட்ஜம் வைத்து வாசித்துப் பாருங்கள், மேட்டுப் பக்கமே போகாது. 'ஜிங்கிள் பெல்ஸ்' வேண்டுமா கீதம் வேண்டுமா என்று சண்டை போடுகிறோமே, இருநூறு வருடத்துக்கு முன்பே இரண்டுக்கும் நடுவில் ஒருவர் பாலம் போட்டு வைத்திருக்கிறார். பேண்டு வாசித்த மெட்டு ஆரம்பப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. பேண்டு வாத்தியம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், யார் கையில் இருந்தது என்று பாருங்கள். வயலின் சபா மேடைக்குப் போனது. கிளாரினெட் சதிர்க்காரர்களோடு இருந்தது, பிறகு தெருவுக்கு வந்தது. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, சாவு. யார் வாசித்தார்களோ அவர்களின் சாதிதான் அந்த வாத்தியத்துக்கும் ஒட்டிக்கொண்டது. திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். ஏழு பாடம். கடல் தாண்டி வந்த வயலின் உள்ளே இருக்கிறது. அதே கப்பலில் வந்த கிளாரினெட் வெளியே நிற்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத வாத்தியத்துக்கு யார் புத்தகம் போடுவார்கள்?

உடனே ஒருவர் ஏ.கே.சி. நடராஜன் பெயரைச் சொல்வார். சொல்லட்டும், சொல்ல வேண்டிய பெயர்தான். 1931இல் பிறந்த திருச்சிக்காரர். கிளாரினெட் எவரெஸ்ட் என்று அழைக்கப்பட்டவர். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. ஆனால் அவர் எப்படிக் கற்றார் என்று பாருங்கள். அப்பா கிளாரினெட் வாசித்தவர். வாய்ப்பாட்டு ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம். நாதஸ்வரம் இலுப்பூர் நடேச பிள்ளையிடம். வீட்டில் ஒரு குழல்காரர், வெளியே இரண்டு பெரிய ஆசான்கள். மூன்றையும் தன் குழலில் ஒன்றாகச் சேர்த்தது அவர் சொந்த உழைப்பு. 'பார், குருமுகமாக வந்தால் இப்படி வரும்' என்று இதை உதாரணம் காட்டுகிறவர்கள், இந்த மூன்றும் வாய்க்காத பிள்ளைக்கு என்ன சொல்வார்கள்? ஒரு மேதை தானாகக் கண்டுபிடித்ததை அடுத்த தலைமுறை ஒவ்வொருவரும் மறுபடி தானாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் மரபா? எனக்கு இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சில இடங்களில் கதவைச் சாத்தி வைக்கிற தந்திரமும்கூட.

நம் ஆட்களையும் விட்டுவைக்க முடியாது. இந்தப் பக்கங்களை வாசிக்கிற நீங்களும் எழுதுகிற நானும். நம் சிறுகதைகளில் எத்தனை கிளாரினெட் 'அழுதிருக்கிறது', எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மழை பெய்யும் தெரு, நனைந்த சிவப்புக் கோட்டு, தனியாக ஊதிக்கொண்டு போகும் கிழவர், கடைசி வரியில் ஒரு பெருமூச்சு. நானே அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், தேடாதீர்கள். அந்தக் கிழவர் எந்த விரலை எங்கே வைத்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவர் சோகம் நமக்குப் போதுமாக இருந்தது.

நான் சொன்ன சாதாரண மனிதர் இலஞ்சிப் பக்கம். எழுபதைத் தொட்டுவிட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் பேண்டு செட்டில் கிளாரினெட். மருமகளின் குழல் பழைய வகை என்று தெரிந்ததும் விசாரித்து அவரைப் பிடித்தேன். வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றபோது அத்தான் முகம் மாறியது. "சாவு வீட்டுல ஊதுற ஆளுலா மாப்ள. பொம்பளப் பிள்ளைக்குப் போயி…" என்று இழுத்தார். நான் சண்டை போட்டேன். வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். அக்கா எனக்கு எவர்சில்வர் தம்ளரிலும் அவருக்குப் பேப்பர் கப்பிலும் காபி கொண்டுவந்தாள். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் குடித்து முடித்து கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். இந்தக் கட்டுரையை எழுத உட்காரவைத்தது அந்தக் கப். வேறெந்தக் காரணத்தையும் நான் இலக்கியமாக ஜோடிக்க விரும்பவில்லை.

குழலை வாங்கினார். ரீடை நாக்கில் நனைத்தார். "சாரல் நேரத்துல ரீடு சொன்ன பேச்சு கேக்காது பாப்பா. வாசிச்சு முடிச்சதும் கழத்தி, தொடச்சு, தட்டையா வை. கீக்கு அடியில இருக்க மெத்தை ஈரத்துல ஒட்டிச்சுன்னா சிகரெட்டுத் தாளு வச்சு அமுக்கி எடு" என்றார். குற்றாலத்து ஜூலைக்கு எந்த அமெரிக்கப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. பிறகு ஆறு விரலும் மூடி ஊதினார். ஊதிவிட்டு, "இதச் சட்ஜமா வச்சுக்கிடு. மேல போறதுக்கு இப்ப அவசரமில்ல" என்றார். அவ்வளவுதான். மேலே நான் பத்தி பத்தியாக எழுதிய விஞ்ஞானம் அவருக்கு இரண்டு வாக்கியம்.

நான் எதிர்பார்த்தது அதற்கடுத்ததை அல்ல. மருமகள் புத்தகத்தை ஒளித்துவைக்கப் பார்த்தாள், தாத்தா கோபித்துக்கொள்வாரோ என்று. அவர் அதைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதடு படம், விரல் படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாங்க கத்துக்கிடும்போது மாஸ்டர் குச்சிய வச்சு விரல்லயே அடிப்பாரு தம்பி. எந்த விரலு தப்புன்னு சொல்ல மாட்டாரு, அடிதான். இந்த மாதிரி ஒரு படம் இருந்திருந்தா எனக்கு ரெண்டு வருசம் மிச்சம்லா" என்றார். குருமுகத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களே, குருமுகமாகக் கற்ற ஒருவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் புத்தகம் வேண்டும். புத்தகம் வேண்டாம் என்பது அவருக்கு நடந்ததைப் பார்க்காதவர்களின் ஆசை.

பெண் பிள்ளைக்கு இது இன்னும் கூடுதல். பேண்டு செட்டில் சேர்ந்து தெருவோடு போய்க் கற்றுக்கொள்ள அவளை யாரும் விடப்போவதில்லை. அரசுப் பள்ளியில் பாடம் இல்லை. ஆசான் வீட்டுக்கு வந்தால் பேப்பர் கப். அவளுக்குத் திறந்திருக்கிற ஒரே கதவு அச்சடித்த காகிதம். அதையும் 'புத்தகத்தில் வராதும்மா' என்று சாத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்.

சரி, கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றுகிறேன் என்பீர்கள். சொல்கிறேன். முதலில் புத்தகம் வாங்காதே, குழலைப் பார். வளையம் ஆறு இருந்தால் புது வகை. குறைவாக இருந்து கீ 13 அளவில் இருந்தால் பழைய வகை, அதற்குரிய விரல் படத்தைத் தனியாகத் தேடி அச்செடுத்துப் புத்தகத்துக்குள் ஒட்டு. மேல்நாட்டுப் புத்தகம் கட்டாயம் ஒன்று வாங்கு. நான் இப்போது சொல்வது ரூபாங்க் எலிமெண்டரி, 1930களில் வந்த மெலிந்த புத்தகம். வண்ணப் படம், கூட வாசிக்கும் பாட்டு என்று ஜிகினா குறைவு. தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு அதுதான் நல்லது. க்ளோஸேயின் புத்தகத்தை இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கிவைத்துப் பயந்து சாகாதே, அது தலையணை. மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம். மேல்நாட்டுப் புத்தகத்தில் மேட்டைத் தாண்டும் பாடம் வரும்வரை போ. அதே மாதங்களில் கானாம்ருத போதினியில் சரளியும் ஜண்டையும், ஆறு விரல் சட்ஜத்தில், 4 கட்டை சுருதியோடு. இடையில் நொட்டுஸ்வரம் இரண்டு மூன்று. நாக்கால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டி வாசிக்க மேல்நாட்டுப் புத்தகம் சொல்லித்தரும். நாதஸ்வரக்காரர்களின் துத்துக்காரமும் நாக்கு வேலைதான், ஆனால் அது வேறு ருசி, அதைக் காதால் கேட்டு வாங்கிக்கொள்.

இதை எல்லாம் வாங்கினாலும் ஒரு இடம் காலியாக இருக்கும். மாயாமாளவகௌளையின் காந்தாரம் இரண்டு வகைக் குழலிலும் இரண்டு விதமாகப் பிடிக்க வேண்டிய ஸ்வரம். என் மருமகள் பதினைந்து நாள் திண்டாடிய வலது கை ஸ்வரங்களில் அதுவும் ஒன்று. அதை எழுத வேண்டியவர் மேல்நாட்டு ஆசிரியரும் கிடையாது, வாய்ப்பாட்டு வித்வானும் கிடையாது. இலஞ்சியிலும் ஆய்க்குடியிலும் பாவூர்சத்திரத்திலும் கடையத்திலும் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊதிக்கொண்டிருக்கிறவர்கள்தான் எழுத வேண்டும், அல்லது அவர்கள் சொல்ல நாம் எழுத வேண்டும், அட்டையில் அவர்கள் பெயரோடு. 'தகவல் தந்து உதவிய நாட்டுப்புறக் கலைஞர்' என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அல்ல. காசும் கொடுக்க வேண்டும். சென்னையில் நான் ஒரு வகுப்புக்கு எண்ணூறு கொடுத்தேன். இலஞ்சிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் "இருக்கதக் குடுங்க தம்பி" என்றார். இருக்கிறதைக் கொடுக்கிற வழக்கம்தான் இத்தனை வருடமாக நடந்தது. எண்ணூறுதான் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு வந்தேன். அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் போகிறார். காபி தம்ளரில் வருகிறதா என்று நான் போனில் கேட்கிறேன், மருமகள் "வருது மாமா, நான்தான் போடுதேன்" என்கிறாள். எண்பது பக்க நோட்டு ஒன்றில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். பக்கத்துக்கு ஒரு ஸ்வரம், பழைய குழலுக்கு. ச, ம, ப, மேல் ச நான்கும் முடிந்தது. காந்தாரத்தை மூன்று தடவை அழித்து வரைந்தாயிற்று, தாத்தா ஒப்புக்கொண்டார். ரிஷபத்தில் நிற்கிறது. சுண்டுவிரல் கீயைத் திறந்த பிறகு உதட்டை எவ்வளவு தளர்த்துவது என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. அவர் ஊதிக் காட்டுகிறார், இவள் "அத எப்டி எழுத தாத்தா" என்கிறாள், அவர் மறுபடியும் ஊதுகிறார்.